வீடு வந்தவர்களுக்கு இன்னும் நூற்றிருபது நாள்

ஃபேர்பேங்க்ஸ் ஊரில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு டானெட்டின் குரல் தெரியும். மைனஸ் நாற்பது டிகிரி காலையில் பள்ளிப் பேருந்து நிலையத்திலிருந்து போன் வரும். "ஏழாம் நம்பர் வண்டி ஸ்டார்ட் ஆகல. இன்னும் அரை மணி நேரம் ஆகும். குழந்தையை வெளிய நிறுத்தாதீங்க." அவ்வளவுதான். மன்னிப்பும் இருக்காது, வானிலைப் பேச்சும் இருக்காது. எங்கள் பத்திரிகைக்கும் தினமும் காலை ஆறேகாலுக்கு அவள்தான் பேருந்துச் செய்தி சொல்வாள். ஒருநாள்கூட தவறாகச் சொன்னதில்லை.

அவள் கணவன் வெண்டெல் ராணுவத்தில் சார்ஜெண்ட், கவச வண்டி ஓட்டுநர். 2005 ஆகஸ்டில் அவனுடைய படைப்பிரிவு ஈராக்குக்குக் கிளம்பியபோது, வீடுகளுக்குச் செய்தி சொல்லும் வேலைக்கு முகாமின் பெண்கள் டானெட்டையே தேர்ந்தெடுத்தார்கள். அலுவலகம் ஒரு தாள் கொடுக்கும். அதில் உள்ளதை உள்ளபடி வாசிக்க வேண்டும். ஒரு சொல் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. ஒரு வீட்டின் செய்தியை இன்னொரு வீட்டில் சொல்லக்கூடாது. பேசி முடித்ததும் பெயருக்கு நேரே ஒரு கோடு.

கணக்கு ஓராண்டு. எல்லோருக்கும் அது மனப்பாடம். ஆண்டு முடிய மூன்று வாரம் இருக்கும்போது பன்னிரண்டு பேர் மட்டும் முன்னதாக ஊர் வந்தார்கள். மற்றவர்கள் வந்து தங்கும் அறைகளுக்குச் சாவி எண்ணி, மெத்தை போட்டு, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. வெண்டெலும் ஒருவன். வந்த நாலாம் நாள் தலைக்கவசம், மார்புக்கவசம் எல்லாவற்றையும் ஒப்படைத்து ரசீது வாங்கி வந்தான். டானெட் அதைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள். தலைக்கவசத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால் ராணுவம் ஆளை விட்டுவிட்டது என்று அர்த்தம். முகாமில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் நம்பினார்கள்.

ஜூலைக் கடைசி ஞாயிறு, அவர்கள் வீட்டுக் கொல்லையில் சால்மன் மீன் வாட்டினார்கள். வெண்டெலோடு ஊர் வந்த எஃப்ரேனும் அவன் மனைவி யெசேனியாவும் விருந்தாளிகள். யெசேனியாவுக்கு எட்டு மாதம். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

"ஒருத்தனை அங்க அனுப்பினா ஆறு மாசம் போதும்பா. ஏழாவது மாசம் மூளை உருகி காது வழியா வந்துடுது" என்றான் எஃப்ரேன்.

"உனக்குப் போகும்போதே அது இல்லையே" என்றாள் யெசேனியா.

வெண்டெல் மீனைத் திருப்பிப் போட்டான். "ஒரு வருஷமே பத்தாது. முதல் ரெண்டு மாசம் எந்தத் தெருவுல குப்பை கிடக்கும், எந்தத் தெருவுல கிடக்கவே கிடக்காதுன்னு தெரியாது, குண்டை அந்தக் குப்பைக்குள்ளதான் வைப்பாங்க. தெரிஞ்சு முடிக்கிறதுக்குள்ள புது ஆளைக் கொண்டாந்து விடறாங்க. அவன் மறுபடி முதல்லேர்ந்து."

"அப்ப அங்கேயே ஒரு வீடு பார்த்துக்கோ" என்றாள் டானெட். எல்லோரும் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை தாள் வந்தது. அங்கே இருப்பவர்கள் இன்னும் நூற்றிருபது நாள் இருக்க வேண்டும். டானெட் இருபத்து மூன்று வீடுகளுக்கு வாசித்தாள். ஒருத்தி முழுதும் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தாள். "இன்னொரு தடவை." மூன்றாவது தடவை போன் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. ஒருத்தி நேராகவே குத்தினாள்: "உங்க ஆளு வீட்ல உட்கார்ந்து மீன் திங்கறாரு. நீங்க நல்லா படிப்பீங்க." டானெட் கோடு போட்டுவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாள்.

வெள்ளிக்கிழமை கேப்டன் ஓல்டம் அவளை அலுவலகத்துக்கு அழைத்தார். முகத்தில் சவரம் இல்லை.

"வந்தவங்கள்லயும் எட்டுப் பேர் திரும்பிப் போகணும். செவ்வாய்க்கிழமை விமானம்."

டானெட்டுக்கு முதலில் விளங்கவில்லை. "எங்க போகணும்?"

"அங்கதான்."

"சார், அவங்க வீட்டுக்கு வந்தாச்சு. தலைக்கவசத்தை நீங்களே வாங்கி வச்சிருக்கீங்க. என்கிட்ட ரசீது இருக்கு."

"அந்த ரசீது தலைக்கவசத்துக்குத்தான் டானெட்."

நின்றபடியே பட்டியலைப் படித்தாள். எட்டுப் பெயர். மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை. வெண்டெல் இல்லை. அறைச்சாவிப் பொறுப்பு அவனிடம் இருந்ததால் அவனை இங்கேயே நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவது பெயர் எஃப்ரேன்.

யெசேனியா தாளைப் பாதிகூடக் கேட்கவில்லை. "போய்ட்டு வந்தவனை மறுபடி எப்படிப் போகச் சொல்லுவாங்க? டானெட், நீங்க தப்பான தாளைப் படிக்கிறீங்க. பாருங்க, மேல தேதி பாருங்க!" டானெட் தேதியை வாசித்தாள். அதற்குமேல் அந்தப் பக்கம் சொற்கள் இல்லை, அலறல்தான். நடுவில் ஒரே ஒரு கேள்வி வந்தது: "வெண்டெல் போறாரா?" இன்னொரு வீட்டைப் பற்றிப் பேசக்கூடாது. டானெட் பேசாமல் இருந்தாள். வெண்டெல் போகவில்லை என்று யெசேனியா புரிந்துகொள்ள அந்த மௌனமே போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஓல்டம் திருத்திய பட்டியலைக் கொடுத்தார். எஃப்ரேன் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. எண்ணிக்கை எட்டாக இருக்க வேண்டும் என்பதால் அடியில் பேனாவால் ஒரு பெயர் எழுதியிருந்தது. அது யார் கையெழுத்து என்று அவளிடம் எவரும் சொல்ல வேண்டியதில்லை. வெண்டெல் தன் பெயரின் தொடக்கத்தில் போடும் 'டபிள்யூ' அது. பதினோரு வருடமாக மளிகைப் பட்டியலில் பார்க்கிறாள்.

"காலைல அவரே வந்து எழுதினார். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றார் ஓல்டம்.

ஊருக்கெல்லாம் முதலில் செய்தி சொல்பவள் தன் வீட்டுச் செய்தியைத் தாளில் படித்தாள். கொஞ்ச நேரம் அவளால் எழுத்துகளைச் சேர்க்க முடியவில்லை.

"இதை எடுக்க முடியுமா?"

"அஞ்சு மணிக்குப் பட்டியல் மேல போகுது. அதுக்கு முன்னாடி அவர் வந்து அடிச்சா எடுத்துடுவேன். பழைய பேர் திரும்ப வரும்."

"யெசேனியாவுக்குத் தெரியுமா?"

"நீங்க சொன்னாதானே தெரியும்."

வீட்டுக்கு வந்தபோது வெண்டெல் கொட்டகையில் மீன் துண்டுகளைப் பையில் கட்டிக்கொண்டிருந்தான். குளிர்காலம் முழுவதற்கும் போதும்போல இருந்தது. அவள் தாளை மீன்மேலேயே வைத்தாள்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றான்.

"எப்ப? விமானத்துலேர்ந்தா?"

"கேட்டா நீ விடமாட்டே."

"அதனால கேக்கல! என்ன புத்திசாலித்தனம்!"

அவன் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "என் வண்டியை இப்ப ஓட்டறவன் வந்து மூணு வாரம்தான் ஆகுது. படையையே வேற ஊருக்கு மாத்திட்டாங்க, தெருவே புதுசு. உள்ள உட்கார்ந்திருக்கிறவங்க எல்லாம் என் பசங்க. எஃப்ரேன் போனாலும் உதவ மாட்டான், அவன் மனசு முழுக்க இங்க இருக்கும். நான் அங்க படுத்தாதான் தூங்கறேன் டானெட். இங்க தூக்கமே இல்ல."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. பத்தொன்பது நாளாக ஒரே படுக்கையில் படுத்திருந்தாள்; அவன் விழித்துக் கிடந்தது தெரியவில்லை.

"எத்தனை நாள் போதும் உனக்கு?" என்றாள். "ஒரு வருஷம் பத்தாதுன்னே. இப்ப நாலு மாசம். ஒரு நம்பர் சொல்லு, நான் எல்லா வீட்டுக்கும் படிச்சிடறேன்."

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "தெரியல."

மணி நாலு இருபது. ஓட்டிப் போனால் அலுவலகம் பத்து நிமிடம்.

"எடுக்கச் சொன்னா எடுத்துடறேன்" என்றான் வெண்டெல். கார் சாவி கையில் இருந்தது. "நீ சொல்லு. ரெண்டாவது பேச்சே பேச மாட்டேன்."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவன் போய் ஒரு கோடு இழுத்தால் போதும். திருத்திய பட்டியல் என்று ஒன்று இருந்ததே யெசேனியாவுக்குத் தெரியாமல் போய்விடும். தெரியாத ஒன்றுக்காக யாரும் அலற மாட்டார்கள்.

டானெட் தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். போனை எடுத்தாள், வைத்தாள். வெண்டெல் வாசலில் சாவியோடு நின்றான். நாலு முப்பத்தைந்துக்கு எண்ணை அழுத்தி, தாளை விரித்து, எல்லா வீட்டுக்கும் வாசிப்பதுபோல வாசித்தாள். சார்ஜெண்ட் எஃப்ரேன் இந்தப் பயணத்திலிருந்து விலக்கப்பட்டிருக்கிறார். அவர் திங்கட்கிழமை இங்கேயே வேலைக்கு வர வேண்டும்.

யெசேனியா உள்ளே திரும்பிக் கத்தினாள், ஏதோ கீழே உருண்டது, எஃப்ரேனின் குரல், அழுகை, சிரிப்பு. எல்லாம் முடிந்து அவள் மறுபடி போனுக்கு வந்தாள்.

"டானெட், அப்ப அவருக்குப் பதிலா வேற ஆள் போறாங்களா?"

"என் தாள்ல பேர் படிக்கச் சொல்லல."

"கல்யாணமாகாத பையனா இருக்கும், இல்ல? ஒருவேளை பொண்டாட்டி இருந்தா... அவளுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சு" என்றாள் டானெட்.