இரண்டாவது பொங்கல்

போன வாரம் திருப்பதியில் எங்கள் கல்லூரி அரங்கில் ஒரு படம் போட்டார்கள். மதம், பண்பாடு என்று பெரிய தலைப்பு. படம் எடுத்த மேடமே அதை வைத்துத் தடிமனாக ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார். திரையில் எங்கள் ஊர் அம்மன் கோயில், என் அம்மா, பொங்கி வழிகிற பானை. பக்கத்தில் பாவாடை சட்டையோடு நான் கைதட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் முகத்தைக் கிட்டத்தில் காட்டி, பக்திப் பரவசம் என்று பின்னணியில் ஒரு குரல் உருகியது. எனக்கு வந்த எரிச்சலில் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. அது பரவசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

சித்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், அவருக்கு மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலை. எனக்கு எட்டு வயதில் அவருக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு என்று வேலூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். கிளம்புவதற்கு முன் அம்மனுக்குப் பொங்கல் வைத்து உத்தரவு கேட்டுவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். பானை கிழக்கே வழிந்தால் நைனா நல்லபடியாகத் திரும்புவார். தெற்கே வழியவே கூடாது, அது எமன் திசை. எனக்கு அதெல்லாம் யார் சொன்னார்கள்? வேலூர் போனால் நைனா திரும்பும்போது கேக் வாங்கி வருவார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அன்றைக்கென்று பார்த்து மேடம் வேனில் வந்து இறங்கினார். கேமராக்காரர், குடை பிடிக்க ஒருவர், மைக்கைக் கம்பில் கட்டித் தூக்க ஒருவர். கோயில் வாசலே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அம்மா யாரையும் கண்டுகொள்ளவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பானை பொங்கியது. சொல்லிவைத்த மாதிரி கிழக்கே வழிந்தது. அம்மா அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டு அழுதாள். மாமா, அம்மாவின் தம்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே தேங்காய் உடைத்தார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கேமராக்காரர் தலையைச் சொறிந்தார். பின்னால் செல்போன் டவர் தெரிகிறதாம். "இங்கோசாரி அம்மா" என்று தெலுங்கில் கெஞ்சினார், இன்னொரு தடவை பொங்க வேண்டுமாம். மேடமும் கையைக் கூப்பினார். புதுப்பானை, பச்சரிசி, வெல்லம் எல்லாம் வேனிலிருந்து இறங்கின. எதற்கும் தயாராகத்தான் வந்திருக்கிறார்கள். அடுப்புக் கற்களை அவர்களே பெயர்த்து, டவர் தெரியாத பக்கமாக வைத்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்களிடம் முடியாது என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. எனக்குப் பசி உயிர் போனது.

இரண்டாவது பானை சீக்கிரமே பொங்கியது. இனிமேலாவது சோறு போடுவார்கள் என்று நான் கைதட்டினேன். பானை தெற்கே வழிந்தது. அம்மாவின் முகம் அப்போதுதான் அப்படி ஆனது, படத்தில் உருகுகிறார்களே, அந்த முகம். கேமராக்காரர் சூப்பர் என்றார்.

வேன் போன பிறகு மாமா, "அந்தப் பக்கம் பள்ளம்க்கா, பள்ளத்துக்குத் தான வழியும்?" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"பள்ளமோ மேடோ, மொத தபாவே அம்மன் நல்ல வாக்கு குடுத்துட்டா. குடுத்தப்புறம் திரும்பப் போய்க் கேட்டா அவளுக்குக் கோவம் வராதா?" என்றாள் அம்மா.

நைனா திரும்பி வந்தார். இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார், குழம்பில் காரம் போதவில்லை என்று சண்டை போடும் அளவுக்கு. ஆனால் அன்றிலிருந்து அம்மா செவ்வாய்க்கிழமைகளில் உப்பைத் தொடுவதில்லை. திரும்பக் கேட்டதற்கு அவளே போட்டுக்கொண்ட அபராதம். அவளுக்கு மட்டும் சின்னச் சட்டியில் தனியாக ஏதோ வேகும். விசேஷமாக்கும் என்று ஒரு நாள் எடுத்து வாயில் போட்டுத் துப்பினேன்.

அடுத்த வருஷம் புத்தகத்துக்காக மேடம் மறுபடி வந்தார். அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மா அவருக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டு, அவர் வற்புறுத்தியதால் தன் சட்டிச் சோற்றோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடம் அதில் ஒரு கவளம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உப்பே இல்லையே, இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இப்படி ஒரு விரதமா என்று ஆவலாக விசாரித்தார்.

"ஆமாம்மா, செவ்வாக்கெழமைல நாங்க உப்பு துன்ன மாட்டோம். இங்க அப்பிடித்தான்" என்றாள் அம்மா.

புத்தகத்தில் அது ஒரு முழு அத்தியாயம். சித்தூர்ப் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காக்கும் உப்பில்லா விரதமாம். அரங்கில் பக்கத்தில் இருந்த பெண் அதை அடிக்கோடிட்டு வைத்திருந்தாள்.

அம்மா அப்படிச் சொன்ன அன்றைக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் அப்படிச் சாப்பிடுவதில்லை. அம்மா இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாளே என்று நான் வாயைத் திறப்பதற்குள், பாவாடைக்கு மேலேயே என் தொடையில் அழுத்தமாக ஒரு கிள்ளு விழுந்தது. அவள் மேடத்தைப் பார்த்துச் சிரித்தபடியே இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். நம் வீட்டு இலையில் கை வைத்துச் சாப்பிடுகிறவரிடம், எல்லாம் உன்னால்தான் என்று எப்படிச் சொல்வது என்பது எட்டு ஒன்பது வயதில் எனக்கெங்கே புரிந்தது? கிள்ளியது வலித்தது. மேடத்துக்கு மட்டும் இரண்டாவது அப்பளம் போட்டாளே என்று கோபமாக இருந்தது.