சண்டைக்கெடாவுக்குப் போன அப்பா

“பள்ளிக்கூடம் போன பொண்ணு வூட்ல அடங்கிக் கெடக்குமா?” என்று, பெண் பார்க்க வந்த அம்மாள் என்னைப் பார்த்தே கேட்டாள். எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். அவள் மகனுக்கு நான், என் அண்ணனுக்கு அவள் மகள் என்று பேச்சு. தெருவில் பிள்ளைகள் “சடுகுடு சடுகுடு” என்று மூச்சுப் பிடித்தார்கள். நல்லெண்ணெயும் ஈர மணலும் கலந்த அப்பாவின் பழைய வாசனை நினைவில் ஏறியது.

அப்பா பேர்போன சடுகுடு ஆட்டக்காரர். இடுப்பில் சிவப்புப் பட்டு கட்டி, மீசையை முறுக்கிவிட்டுத்தான் கோட்டைத் தாண்டுவார். ஊர்க் கோஷ்டிகள் அவரை மாற்றி மாற்றி வாங்கின. கடைசியாகத் திருக்கழுக்குன்றத்துக்காரர்கள் ஒரு சண்டைக்கெடாவை வாங்கிக்கொண்டு அவரை மாமல்லபுரத்து மிராசுதாருக்குக் கொடுத்தார்கள். “கொம்பு வச்ச கெடாவும் நானும் ஒரே வெல!” என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார்.

முதல் ஆட்டமே பழைய கோஷ்டியோடு. அவர்கள் பிடித்த பிடியில் அப்பாவின் முட்டி உடைந்தது.

“கெடாவத் திருப்பிக் குடுங்கடா!” என்று மிராசுதார் கத்தினார்.

“அத்தத் தின்னுட்டோம் அண்ணாத்த. இத்த நீ தின்னு!” என்றார்கள்.

கடற்கரையே சிரித்தது. மணலில் கிடந்த அப்பாவும் சிரித்தார்.

அதே அப்பா இப்போது, “நல்ல மாத்துதான்” என்று அந்த அம்மாளிடம் தலையாட்டினார்.

நான் வீட்டை விட்டுப் போனால் அண்ணன் கல்யாணமும் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் அவர்கள் தாம்பூலம் மாற்ற வந்தபோது, நான் செங்கல்பட்டில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி விடுதியில் பெட்டியை வைத்துவிட்டிருந்தேன்.