அதே ஆள், வேறு முகம்

"நெசமாவே ஒனக்கு இங்கிலீசு வெளங்குதா, இல்ல சும்மா அடிச்சு விடுறியா?" என்று மாமா கேட்டார். தோட்ட லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

கம்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். அன்று கிடைத்தது ஒரு பழைய ஆங்கில உளவாளிப் படம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை படித்தவள் நான் ஒருத்திதான். வசனங்களைத் தமிழில் உரக்கச் சொல்வது என் வேலை. அதற்காக எனக்கு மட்டும் கதிரை. அதில் உட்கார்வது எனக்குப் பிடிக்கும்.

அந்த உளவாளியின் வேறு படங்களை எல்லோரும் பார்த்திருந்தார்கள். இதில் பெயர் அதே பெயர், ஆள் புதியவன்.

"இவன் எதிரியோட ஆளு. நெசமானவன எங்கயாவது கட்டிப் போட்டிருப்பானுங்க. எடவேளைக்கு அப்பறம் வருவான் பாரு" என்றார் மாமா.

"அதே ஆள்தான் மாமா. நடிகர்தான் புதுசு."

"அப்ப அவனோட மேலதிகாரிக்குக் கண்ணு தெரியாதா?"

அண்ணன் மட்டும் என் பக்கம். "அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றான். அவன் பிலிமத்தலாவையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தான். காமாலை வந்து பாதியாக மெலிந்து, தாடியோடு வீட்டுக்கு வந்திருந்தான்.

படம் முடியுமுன் பொலிஸ் ஜீப் வந்தது. யுத்த காலம்; அந்த வாரம் எங்கும் சோதனை. எல்லோரும் வெளியே வந்து அடையாள அட்டையை நீட்டினோம். அதிகாரி அண்ணனின் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "இது நீ இல்லை" என்றார் சிங்களத்தில்.

அட்டையில் இருந்தவை பதினாறு வயதுக் குண்டுக் கன்னங்கள். காமாலை என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் சொன்னேன், பிழையில்லாமல், கொஞ்சம் மிடுக்கோடும்.

"தோட்டத்துப் பெண்ணுக்கு இவ்வளவு ஆங்கிலம் யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். அப்பா தோள் துண்டைக் கையில் எடுத்தபடி நின்றார்.

"செருப்பப் போட்டுக்கட்டுமா?" என்று மட்டும் அண்ணன் கேட்டான். வெறுங்காலோடு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

உள்ளே டிவியை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. புது முகக்காரன் பழைய பெயரைச் சொன்னான். கேட்டவர் சிரித்துக்கொண்டே கைகொடுத்தார்.

மறுநாள் பொலிசில் அப்பாவையும் என்னையும் வாசலிலேயே நிறுத்தினார்கள். அட்டையில் இருப்பது அண்ணன்தான் என்றேன். "தங்கச்சி வேறு என்ன சொல்வாள்?" என்றார் காவலுக்கு நின்றவர்.

வீட்டுக்கு வந்து சுவரிலிருந்த படங்களைக் கழற்றினேன். தோட்டத்துத் திருவிழாவில் அண்ணன், அக்கா கல்யாணத்தில் அண்ணன், போன மாதம் கடைப் பூசையில் அண்ணன். வரிசையாக வைத்தால் ஒரு முகம் இன்னொன்றாக மாறுவது தெரிந்தது. எனக்குத் தெரிந்தது.

படங்களை எடுத்துக்கொண்டு மறுபடியும் பொலிசுக்குக் கிளம்பினேன். பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்த மாமா கேட்டார்.

"நீ சொன்னா அவனுங்களுக்கு வெளங்குமா புள்ள?"

இந்தமுறை அவர் கேலி செய்யவில்லை.

"தெரியல மாமா" என்றேன் ஜன்னல் வழியாக. கம்பளை பஸ் கிளம்பிவிட்டது. சேலைத் துணியில் சுற்றிய படங்கள் என் மடியில் இருந்தன. அண்ணனின் செருப்பு காலடியில் இருந்தது.