கடைவாய்ப் பல்லின் நாலாவது வழி

செல்போன் சந்தையில் யாராலும் சரிசெய்ய முடியாத போன் என்றால், எல்லாரும் கை நீட்டிக் காட்டுவது ஒரே கடையைத்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடிப்படி ஏறியதும் முதலாவதாக இருக்கும் நாலடி அகலக் கடை. முன்னால் கணவர் நின்று வருகிறவர்களிடம் பேசுவார். அவருக்குப் பின்னால் மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்தபடி மனைவி உட்கார்ந்திருப்பாள். பொழுது முழுக்க லென்ஸை விட்டு நிமிராததால் சந்தைக்கே அவள் ‘லென்ஸ் அக்கா’. கடுகில் பாதியளவு இருக்கும் பாகத்தை, மூச்சு விட்டால் பறந்துவிடுமென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டவைப்பாள். செத்துக் கிடக்கும் போனில் மின்சாரம் எந்த இடத்தில் நின்றுபோனது என்று கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடே வேண்டாம்.

இத்தனை கெட்டிக்காரிக்குப் பல் டாக்டரின் நாற்காலி என்றால் மட்டும் பயம். அதனால் வலது பக்கம் மேல் கடைவாய்ப் பல்லில் சுரீரென்று குத்தல் தொடங்கியபோது யாரிடமும் மூச்சு விடவில்லை. காபியை ஆறவைத்துக் குடித்தாள். இடது பக்கமாகவே மென்றாள். மூன்றாவது வாரம், சுவிட்சை அணைத்த மாதிரி வலி நின்றது.

“தானா வந்துச்சு, தானா போயிடுச்சு,” என்று கணவரிடம் அப்போதுதான் சொன்னாள், ஏதோ சாதித்துவிட்டவள் போல.

பத்தே நாளில் கன்னம் வீங்கியது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பட்டாலே உயிர் போனது. மாமியார் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “புடுங்கி எறிஞ்சுட்டு வேலையைப் பாரு.”

“பல் போனா சொல் போச்சும்பாங்களே, அத்தை.”

“அது முன்பல்லுக்கு. உனக்குச் சொல்லு எங்க போகப் போகுது?”

பிடுங்கிக்கொள்ளும் முடிவோடுதான் கணவரின் முதுகுக்குப் பின்னால் பதுங்கியபடி டாக்டரிடம் போனாள். டாக்டர் அதிகம் பேசாத பெண்மணி. எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு, வேர் நுனியில் மிளகு அளவுக்கு இருந்த கறுப்பு நிழலைச் சுட்டிக்காட்டினார்.

“நடுவுல வலி நின்னுதா?”

“நின்னுது டாக்டர். சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்.”

“சரியாகல. சொத்தை ஆழமாப் போய் உள்ள இருக்கிற நரம்புல கிருமி தொத்திக்கிச்சு. நரம்பு கத்திக் கத்திப் பாத்துட்டுச் செத்துப்போச்சு. சொல்ல ஆள் இல்லாததால வலி நின்னுது. கிருமி நிக்குமா? வேர் நுனி வழியா எலும்புக்கே இறங்கிடுச்சு.”

“அப்பப் புடுங்கிடறதுதானே?”

“எதுக்கு? பல்லு உறுதியா இருக்கு. வேருக்குள்ள ஓடுற குழாய்ங்களைச் சுத்தம் பண்ணி, காயவெச்சு, காத்துப் புகாம அடைச்சுட்டா பல்லு அங்கேயே நிக்கும். அதுதான் ரூட் கேனல்.”

“அந்தக் குழாய் எவ்வளவு கனம் இருக்கும்?”

“சில இடத்துல தலைமுடி கனம்தான்.”

நாற்காலியில் ஒட்டிக்கொண்டு கிடந்தவள் முதுகை நிமிர்த்தினாள். “அவ்வளவு சின்னதை எப்படிப் பாப்பீங்க?”

டாக்டர் சுவரோரம் மடங்கியிருந்த நீண்ட இரும்புக் கையை இழுத்தார். நுனியில் ஒரு மைக்ரோஸ்கோப். அதைக் கண்டதும் லென்ஸ் அக்காவுக்கு வீக்கம் மறந்துபோனது. எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும், விளக்கு எங்கே இருக்கிறது, கேமரா உண்டா என்று கேள்வி மேல் கேள்வி. கணவர் திருதிருவென்று விழித்தார். கையைப் பிடித்துக்கொள்ளத்தான் அவரை அழைத்து வந்திருந்தாள். கை சும்மாவே இருந்தது.

அன்றைக்குப் பல்லில் துளையிட்டுச் சீழை வடியவிட்டு, உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடினார்கள். வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. அந்த வாரம் முழுக்க அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அடுத்த முறை போனபோது ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள்: மைக்ரோஸ்கோப் கேமராவின் படம் விழும் திரையைத் தன் பக்கம் திருப்ப வேண்டும்.

“பாத்தா சிலருக்கு மயக்கம் வரும்,” என்றார் டாக்டர்.

“எனக்குப் பாக்காட்டித்தான் வரும்.”

மரத்துப்போக ஊசி போட்டு, அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரியும்படி ரப்பர் திரையை வாயில் மாட்டினார்கள். இனிப் பேச முடியாது. வலித்தால் இடது கையைத் தூக்கச் சொன்னார் டாக்டர்.

திரையில் பல்லின் உட்புறம் ஒரு குகை போல விரிந்தது. தரையில் மூன்று கரும்புள்ளிகள், மூன்று குழாய்களின் வாய்கள். டாக்டர் அவள் உதட்டோரம் ஒரு கொக்கியை மாட்டினார். அதிலிருந்து ஒரு கம்பி சின்னப் பெட்டிக்குப் போனது. இன்னொரு கம்பியை ஊசி போன்ற அரத்தில் பொருத்திக் குழாய்க்குள் மெல்ல இறக்கினார். பெட்டி விட்டுவிட்டுப் பீப் அடித்தது. அரம் இறங்க இறங்கச் சத்தம் நெருங்கி, கடைசியில் ஒரே நீளச் சத்தமாயிற்று. வேர் நுனி வந்துவிட்டது.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இது அவள் வேலை. மீட்டரின் இரண்டு முனையை வைத்து, மின்சாரம் எவ்வளவு தடைபடுகிறதென்று பார்த்து, கண்ணுக்குத் தெரியாத வழியை அறிவது. இங்கே ஒரு முனை உதட்டில், மறுமுனை வேரில், நடுவில் அவளே கம்பியாகக் கிடக்கிறாள். சொல்லியாக வேண்டும் என்று நாக்குத் துடித்தது. “ங்ங்,” என்றுதான் வந்தது.

மூன்றையும் சுத்தம் செய்த டாக்டர் நிமிரவில்லை. “இந்தப் பல்லுல பெரும்பாலும் நாலாவது ஒண்ணு இருக்கும். ஒளிஞ்சிருக்கு. விட்டா திரும்ப வந்து நிப்பீங்க.” கால் மணி நேரம் தேடினார். தரையை இம்மியளவு சுரண்டினார், கழுவினார், மறுபடி பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கிருமி கொல்லும் மருந்துநீரைக் குகை நிரம்ப ஊற்றிவிட்டு, வேறொரு கருவியை எடுக்கத் தட்டுப் பக்கம் திரும்பினார்.

அப்போது திரையில், முதல் புள்ளிக்கும் மூன்றாவது புள்ளிக்கும் நடுவே, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு குமிழி எழும்பியது. பிறகு ஒன்று. பிறகு சரமாக நாலைந்து.

லென்ஸ் அக்காவின் இடது கை விருட்டென்று மேலே போனது.

“வலிக்குதா?” டாக்டர் பதறித் திரும்பினார்.

அவள் தலையை அசைக்காமல் விரலை மட்டும் திரைப் பக்கம் நீட்டினாள். டாக்டர் பார்த்தார். “ஆமா, உள்ள மிச்சமிருக்கிற நரம்புல மருந்து பட்டாத்தான் அப்படி நுரைக்கும்,” என்று முனகிக்கொண்டே மிக மெல்லிய அரத்தை அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். அரம் வழுக்கி உள்ளே போனது. பெட்டி பீப் பீப்பென்று கத்தத் தொடங்கியது. ரப்பர் திரைக்கு மேலே அவளுடைய இரண்டு கண்ணும் சிரித்தன.

நாலு குழாயையும் உலர்த்தி, ரப்பர் போன்ற ஒரு பொருளைச் சூடாக்கி நுனிவரை அடைத்து முடித்தபோது டாக்டர் கையுறையைக் கழற்றியபடி கேட்டார். “உங்களுக்கு என்ன வேலை?”

அவள் சொன்னாள். பாதி முகம் மரத்திருந்ததால் ‘போன்’ என்பது ‘ஓன்’ என்று வந்தது. டாக்டருக்குப் புரிய மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரை உட்காரவைத்து, காலி அட்டைப்பெட்டியின் முதுகில் பல்லை வரைந்து, நாலு குழாயையும் காட்டினாள். மாமியார் கடைசிவரை கேட்டார்.

“நரம்பை எடுத்துட்டா பல்லு பொணம்தானே?”

“இல்ல அத்தை. சுத்தி இருக்கிற எலும்பும் ஈறும் புடிச்சிட்டு இருக்கே. கடிக்கலாம், மெல்லலாம். உள்ள ஈரம் இல்லாததால உடையாம இருக்க மேல தொப்பி மாதிரி ஒரு கேப் போடணும், அவ்வளவுதான்.”

“ஒரு பல்லுக்கு இவ்வளவு பேச்சா?” என்றார் கணவர். “ரெண்டு மணி நேரம் வாயைத் திறந்து வெச்சிருந்தியே, கொஞ்சம் மூடேன்.”

அவள் மூடவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குக் கடை திறந்தது. முதல் ஆள் போனை நீட்டியதும், அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “உங்களுக்கு எப்பவாவது பல்லு வலிச்சு தானா நின்னிருக்கா?” என்று ஆரம்பித்தாள்.