கடைசிச் சீட்டுக்குப் பிறகு

சகாயசெல்விக்கு உட்கார்ந்து சீட்டாட வராது. உல்லாசக் கப்பலில், போக்கர் மேசையில் சீட்டுப் போடும் வேலையில் சில வருடம் இருந்தவள். மற்றவர்கள் ஆடுவார்கள்; இவள் முகத்தில் எதையும் காட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு ஆட்டம்கூட ஆடக் கூடாது.

மரக்காணம் திரும்பி, உப்பளத்தில் பாத்தி குத்தகைக்கு எடுத்திருந்த சாலமனைக் கட்டிக்கொண்டாள். வைகாசியில் அடித்த மழையில் பாத்தி உப்பெல்லாம் கரைந்து, வேலை நின்றுபோனது. பொழுது போகாமல் சாலமனும், அவனோடு உப்பு வாரும் சகாதேவனும் அவளிடம் போக்கர் கற்றுக்கொண்டார்கள். பந்தயம் வெறும் புளியங்கொட்டை.

அன்றைக்கு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் சீட்டுக்குமாக நடந்தாள். போன வாரமே கப்பல் கம்பெனி கூப்பிட்டிருந்தது. ஏழு மாத வேலை. சீக்கிரம் பதில் வேண்டும். சாலமனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உங்க ஆட்டம்" என்றான் சகாதேவன்.

ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக இருக்கும். நடுவில் திறக்கும் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொது. முதலில் ஆர்ட்டினில் எட்டும் ஒன்பதும், கிளாவர் ஜாக்கியும் விழுந்தன. வரிசை சேரவும் இடமிருந்தது, வரிசையையே மிஞ்சும்படி ஐந்தும் ஆர்ட்டினாகச் சேரவும் இடமிருந்தது. நாலாவதாக இஸ்பேட் ராஜா வந்ததும் சகாதேவன் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகிவிட்டான். கடைசிச் சீட்டு ஆர்ட்டின் ரெண்டு.

செல்வியிடம் ஆர்ட்டின் ஏஸும், ஒன்றுக்கும் உதவாத கிளாவர் நாலும் இருந்தன. ஒரு ஜோடிகூடச் சேரவில்லை. ஆனால் ஆர்ட்டினில் பெரிய சீட்டு தன் கையில் இருப்பதால், எதிராளியிடம் ஆர்ட்டின் சேர்ந்திருந்தாலும் அது ஆகப் பெரியதாக இருக்காது; துணிந்து ஏற்றினால் பயப்படுவான். கப்பலில் கைதேர்ந்தவர்கள் இந்த இடத்தில்தான் பாய்வார்கள்.

அவள் பத்துக் கொட்டை வைத்தாள். சாலமன் முப்பதாக ஏற்றினான். அவள் தன் குவியல் முழுவதையும் நடுவில் தள்ளினாள்.

சாலமன் அவள் முகத்தையே பார்த்தான். "ஆர்ட்டின் சேந்துடுச்சு உனக்கு. போ" என்று சீட்டை மல்லாத்திப் போட்டான். பத்தும் ஏழும். வரிசை சேர்ந்த, ஜெயிக்க வேண்டிய கை.

செல்வி தன் சீட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"ஐயோ, ஒண்ணுமே இல்ல!" சகாதேவன் குதித்தான்.

சாலமன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "என்கிட்டயேவா?"

அவள் சீட்டுக்கட்டை ஒதுக்கி வைத்தாள். இனி தாங்காது என்று சொல்லிவிட்டாள்: "ஏங்க, கப்பல்லேர்ந்து கூப்பிட்டிருக்காங்க. போலாம்னு இருக்கேன்."

"இன்னொரு தடவ ஏமாற மாட்டேன், போ."

"நெசமாத்தாங்க."

அவன் நம்பவில்லை. ஃபோனை எடுத்து வந்து கம்பெனி அனுப்பியதைக் காட்டினாள். சகாதேவன் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"எப்ப வந்துச்சு?"

"போன வாரம்."

"ஒரு வாரமா என்கூட உக்காந்து சாப்ட்ட. சர்ச்சுக்கு வந்த. வாயத் தொறக்கல."

உப்புக் குவியலை மூடிய தார்ப்பாயைப் பார்த்துவிட்டு வருவதாக மழையில் இறங்கிப் போனான். அவள் உள்ளே போனாள், வெளியே வந்தாள், பாத்திரம் கழுவினாள், கழுவியதையே மறுபடி கழுவினாள்.

இருட்டும் நேரத்தில் தொப்பலாக நனைந்து வந்தவன் தலையைக்கூடத் துவட்டாமல் கேட்டான்: "மாசியில உப்பு வார ஆரம்பிச்சுடுவோம். அதுக்குள்ள வந்துடுவியா?"

"வந்துடுவேன்."

"இதாவது நெசமா?"

அடக்கி வைத்திருந்த முகம் அப்போதுதான் உடைந்தது. அழுதுகொண்டே தலையாட்டினாள்.

ஆடியில் கிளம்பினாள். சென்னை பஸ்ஸில் சாலமனும் கூட வந்தான். கல்பாக்கம் தாண்டியதும், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டான்: "ஏழு மாசம் எனக்கு யாரு சமைக்கிறது?"

"நீங்கதான்" என்றாள்.