எழுந்து நின்று திட்டியவள்

எலப்புள்ளியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு வயல். கதிர் அறுத்ததும் கோல் போஸ்ட் நட்டு அதை மைதானமாக்கிவிடுவார்கள். சாயங்காலம் நான் கொடியில் துணி எடுக்கும் நேரம் பார்த்து, போஸ்டுக்கும் மேலே, வேலிக்கும் மேலே ஒரு பந்து பறந்து வந்து எங்கள் கறிவேப்பிலை மரத்தில் இடித்து விழும். பின்னாலேயே பிஜு வருவான். ஊர்க் கிளப்பின் ஃபார்வேர்டு, அதாவது கோல் அடிக்க வேண்டியவன். கல்யாணமானவன், மாட்டுச் சந்தையில் லோடு ஏற்றுகிற வேலை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "சேச்சி, நம்ம பந்து" என்பான், ஏதோ நான்தான் எடுத்து ஒளித்து வைத்ததுபோல. விளாத்திகுளம் பக்கம் நான் வளர்ந்த தெருவில், வீட்டுக்குள் விழுந்த கிரிக்கெட் பந்து முழுசாகத் திரும்பிப் போனதே இல்லை. இங்கே வந்த புதிதில் நானும் அரிவாள்மனையை எடுக்கத்தான் போனேன். பக்கத்து வீட்டுத் தங்கமணியக்கா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ, ஏனுங்க, அது கிளப்புப் பந்துங்க!" அவர் பதறிய பதற்றத்தில், சாமி சிலையை வெட்டப் போய்விட்டேனோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிற சொந்தக்காரர்கள் சிரிக்கலாம். என்னைப் போலப் பிழைப்புக்காக மலைக்கு இந்தப் பக்கம், மலையாள தேசத்துக்கு வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். என் வீட்டுக்காரருக்குக் கஞ்சிக்கோட்டில் இரும்பு ஆலை, எனக்கு அங்கேயே ஒரு கம்பெனியில் பேக்கிங். வேலை, வாடகை, சாம்பார் எல்லாம் எங்கும் உள்ளதுதான். ஆனால் இந்தப் பந்து விஷயம் மட்டும் நான் எங்கேயும் காணாதது. செவன்ஸ் என்பார்கள், ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். பாக்கு மரத்தை வெட்டிக் கட்டிய கேலரியில் ஊரே ஏறி உட்காரும், பெண்களும்தான். பிறந்ததிலிருந்து நான் ஒரு விளையாட்டு மைதானத்தில் உட்கார்ந்தது கிடையாது. தங்கமணியக்கா இழுத்துக்கொண்டு போன முதல் நாள், அடிதடி நடக்கப் போகிறது என்றே நினைத்தேன். எதிர் அணியை ஒருவரும் திட்டவில்லை. அத்தனை வசவும் சொந்த அணிக்கு. "போஸ்ட்டு ஊட்டுக் கதவாட்டம் தொறந்து கெடக்குது, அதுக்குள்ள போட மாட்டேங்கறானே! இவனுக்குக் காலு எதுக்குங்க?" என்று பிஜுவைப் பிடித்த தங்கமணியக்கா, அடுத்த மூச்சில் கிளப் செக்ரட்டரி வேலாயுதேட்டனைப் பிடித்தார். வேலாயுதேட்டன் டீக்கடை வைத்திருக்கிறவர், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். "ஆளெடுக்கத் தெரியாத கம்மிட்டிங்க இது! ராஜிநாமா பண்ணிப்போட்டுப் போகச் சொல்லுங்க!" அவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார், மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. அந்த சீசன் முழுக்க எங்கள் கிளப் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சபதம் செய்து எழுந்து போகிற அத்தனை பேரும் அடுத்த ஆட்டத்துக்கு முன்னதாகவே வந்து இடம் பிடிப்பார்கள். எனக்குப் பிரமிப்பாக இருந்தது. இப்படி ஒரு அன்பை நான் பார்த்ததில்லை.

தோல்வி மேல் தோல்வி வந்ததும் பொதுயோகம் என்று ஊர்க்கூட்டம் கூட்டினார்கள். இங்கே எதற்கும் பொதுயோகம்தான். ஊர் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், ஆணும் பெண்ணும் கலந்து பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளாளுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்மிட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. எழுந்து நின்றேன். "முன்னால நிக்கிற மூணு பேரும் டவுன் பஸ்ல ஏறப் போற மாதிரி ஒரே எடத்துல போய் முட்டிக்கிடுதாக. இதக் கேக்க ஆளே இல்லையா?" நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, கேலரியில் எல்லோரும் கத்துவதுதான். ஆனால் கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பிக் கைதட்டியது. வேலாயுதேட்டன் பெருமூச்சு விட்டார். "செரி. இனி டீமுக்கு மேனேஜரு இந்த சேச்சிதானுங்க." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். தங்கமணியக்கா காதில் கிசுகிசுத்தார். "உக்காந்து திட்டோணும்ங்க. எந்திரிச்சு நின்னு திட்டுனா, அந்தப் பொறுப்ப நான் எடுத்துக்கறேன்னு அர்த்தமுங்க." வேலாயுதேட்டனும் அப்படி எழுந்து நின்று வாயைக் கொடுத்து செக்ரட்டரி ஆனவர்தானாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இந்த வழக்கம் எனக்கு மட்டும் தெரியவில்லை. ஒரு பெண், வெளியூர்க்காரி, வாடகை வீட்டுக்காரி என்று யாராவது தடுப்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் என்றால் ஜீப் பிடிப்பது, எலுமிச்சம்பழம் நறுக்குவது, எல்லாவற்றுக்கும் மேலாக ஆடப் போகும் ஏழு பேரைச் சொல்வது. கடைசி ஆட்டம் எங்கள் ஊரிலேயே, வேலந்தாவளத்து அணியோடு. தோற்றால் சொந்த மைதானத்தில் நடக்கும் டூர்னமென்டிலிருந்தே வெளியே. ஊர் சீசன் முழுக்கக் கேட்டதை நான் செய்தேன், பிஜுவை வெளியே உட்கார வைத்தேன். "செரிங்க சேச்சி" என்றான். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். விசில் ஊதி மூச்சு விடுவதற்குள் கேலரி கொதித்துவிட்டது. "பிஜு எங்கே? நம்ம பிஜுவ எறக்குங்க!" முதல் குரல் தங்கமணியக்காவுடையது. அவன் காலையே வேண்டாம் என்று சொன்ன மனுஷி! பாதி ஆட்டம் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். பிஜுவை இறக்கினேன். அவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாய்ப்பு, போஸ்டுக்கு நேர் எதிரே. கேலரி மொத்தமும் எழுந்து நின்றது. பந்து எங்கள் வீட்டுக் கூரையையும் தாண்டிப் போனது.

அன்று சாயங்காலமே பொதுயோகம். எனக்குப் போகவே பயம். பயந்தது திட்டுக்கு அல்ல. நான் சின்னவளாக இருந்தபோது, கோயில் கூட்டத்தில் அப்பா எழுந்து, எங்கள் தெருவுக்கு ஏன் சப்பரம் வருவதில்லை என்று கேட்டார். ஒருவரும் அவரைத் திட்டவில்லை. பதிலே சொல்லவில்லை. மறுநாளிலிருந்து டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும். அப்படியே வருஷங்கள் ஓடின. என் வீட்டுக்காரரும் அதே ஊர்தானே, அவருக்கும் அதுதான் நினைப்பு. "வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லா. வீட்டக் காலி பண்ணச் சொன்னா எங்க போறது?" என்று வாயனசாலை வாசல் வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

திட்டினார்கள். தொண்டை காய்கிற வரை, தமிழில் தொடங்கி மலையாளத்துக்குப் போய், திரும்பவும் தமிழுக்கு வந்து திட்டினார்கள். பிஜு கோபத்தில் எழுந்தே விட்டான். "என்னய ஏன் மொதல்லயே எறக்கலீங்க? ஒடம்பு சூடாகாம எப்படி அடிக்கறது?" அவன் நின்றுகொண்டிருக்கிறான் என்பது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. வேலாயுதேட்டன், "அடுத்த வருஷம் மேனேஜரு பிஜு" என்றதும் கூரை பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. பிஜு தலையில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான், பிறகு அவனும் சிரித்தான். வீட்டுக்கு நடக்கும்போது தங்கமணியக்கா என் தோளில் கைபோட்டுக்கொண்டு, நான் செய்த தப்புகளை முதலிலிருந்து மறுபடி சொல்லிக்கொண்டே வந்தார். காலையில் பால்காரர் சொன்னார், தண்ணீர்க் குழாயில் நின்ற பெண்கள் சொன்னார்கள், பஸ் கண்டக்டர்கூடச் சொன்னார். ஒருவரும் பேசாமல் இருக்கவில்லை. தோற்றவளோடு ஓர் ஊரே இப்படிப் பேசுமா என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். கோயில் முன்னால் கூட்டம். சப்பரம் போகும் தெருக்களை வாசித்தார்கள். எங்கள் தெரு இந்த வருஷமும் இல்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நான் எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை. "எங்க தெருவ ஏன் விட்டுட்டீக?" கேட்டது என் குரல்தான். நாட்டாமை வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டார். வாசித்தவர் அடுத்ததை வாசித்தார். பக்கத்திலிருந்த பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் உட்காரவில்லை. நான் பிறந்த ஊர் இது, இங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும். யாராவது ஒருத்தர், "உனக்கு என்னட்டி தெரியும்?" என்று வாய் நிறைய என்னைத் திட்டிவிடமாட்டார்களா என்று அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.