எங்கள் வாசல்படியின் சாய்வு

தெருவுக்குப் புது ரோடு வருகிறது என்றால் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம். எங்கள் அண்ணனூர்த் தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்கும் வழக்கமே அப்போது கிடையாது. அதன் தலையிலேயே ஜல்லியும் தாரும் கொட்டி, உருட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ரோடு ஒரு படி ஏறும், எங்கள் வீடு ஒரு படி தாழும். நான் பிறந்த வருஷம் அப்பா கட்டிய வீடு. அன்று வாசலில் மூன்று படிகள். ஐந்து வருஷத்துக்கு ஒன்றாக இரண்டு போய், நான் பத்தாவது வந்தபோது ஒன்றே ஒன்று பாக்கி. அதையும் விழுங்கத் தெருமுனையில் ஜல்லி வந்து குவிந்துவிட்டது.

அந்த வாரம்தான் டீச்சர் நேர்கோட்டுச் சமன்பாடு நடத்தினார். கோடு செங்குத்து அச்சை எங்கே வெட்டிக்கொண்டு கிளம்புகிறதோ அது வெட்டுத்துண்டு. எந்த வேகத்தில் ஏறுகிறது, இறங்குகிறது என்பது சாய்வு. வகுப்பே கொட்டாவி விட்டது. எனக்குப் பகீரென்றது. டீச்சர் எங்கள் வாசல்படியைப் பற்றியல்லவா பேசிக்கொண்டிருந்தார். அந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டதால், கணக்கில் எனக்குக் கடைசியாக நன்றாகப் புரிந்ததும் அதுதான்.

வீட்டுக்கு வந்து கிராஃப் தாளில் போட்டேன். கீழே என் வயது, செங்குத்தாகப் படிகள். மூன்றில் கிளம்பிய கோடு சறுக்கி வந்து பதினைந்தில் சைபரைத் தொட்டது. அங்கேயே விட்டிருக்கலாம். பயந்தாங்கொள்ளி கையில் ஸ்கேல் கிடைத்தால் நிற்குமா? நீட்டினேன். இருபதில் மைனஸ் ஒன்று, அதாவது வீட்டுக்குள் இறங்கித்தான் போக வேண்டும். நாற்பத்தைந்தில் மைனஸ் ஆறு. ரோடு ஜன்னல் விளிம்புக்கு வந்துவிடும். எட்டிப் பார்த்தால் லாரி டயர்தான் தெரியும்.

வீட்டை விற்றுவிட்டுப் பாரிவாக்கத்தில் தன் தம்பி வீட்டுப் பக்கம் போய்விட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்ததும், என் தாளை அவர் மடியில் வைத்தாள்.

"நான் சொன்னா ஏறாது. இப்ப உங்க பொண்ணே கோடு போட்டுக் காட்டிட்டா."

பாரிவாக்கத்திலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்த அந்தத் தம்பி மாமாவும் சும்மா இருக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் போனா ஊட்டுக்கு வாசக்கதவே வேணாம் மாமா, ஏணி ஒண்ணு போதும்."

வீட்டை விற்கவா நான் கோடு போட்டேன்? அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒரு தடவை தலைகீழாகவும். பிறகு மெதுவாக, "கோட்ட அப்பிடியே மேல தூக்கி வெச்சா?" என்றார். யாருக்கும் புரியவில்லை.

ரோடு போட்டு முடித்த கையோடு வீட்டையே தூக்கி உயர்த்தும் ஜாக்கி ஆட்களை அப்பா கூட்டி வந்தார். சுவருக்கடியில் வரிசையாக ஜாக்கிகளைச் செருகி, விசில் அடித்ததும் எல்லாரும் ஒன்றாகத் திருகுவார்கள். வீடு நூல் நூலாக எழும்பியது. சுவர் விரிசல் விடுமோ என்று நான் சுற்றிச் சுற்றி வந்தேன். அம்மா உள்ளே சமையலை விடவில்லை. பழைய படியை ரோடு விழுங்கிவிட்டது, புதிது வேண்டுமே என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. கடைசியில், வீட்டை விட்டுப் போக வேண்டும் என்ற அம்மாவே இறங்க வழியில்லாமல் வாசலில் நிற்க, பிளாஸ்டிக் நாற்காலி மேல் நாற்காலி போட்டு மாமாதான் இறக்கினார்.

"இன்னாக்கா, இப்பிடியே பாரிவாக்கம் போலாமா?"

தெருவே சிரித்தது. அம்மாவும்தான்.

வாசலில் புதிதாக ஆறு படிகள் எழும்பின. எல்லாரும் ஏறி இறங்கி மகிழ்ந்தார்கள். நான் மட்டும் இன்னொரு தாளில் கோடு போட்டேன். வெட்டுத்துண்டு மூன்றாக இருந்தது ஒன்பதாகியிருந்தது. சாய்வு அதேதான். அது ரோடு போடுகிறவர்கள் கையில் அல்லவா இருக்கிறது? ஈரப்படிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், இதுவும் ஒருநாள் சைபருக்கு வரும், முப்பது வருஷம்தான் என்று எச்சரித்தேன்.

"அப்ப உனக்கு இன்னா வயசு?"

"நாப்பத்தஞ்சு."

"அது போதும்மா," என்று வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த படிக்குப் போனார். அப்போது தனக்கு என்ன வயதாகும் என்று அவர் கேட்கவேயில்லை. அப்பாவுக்குக் கணக்கு அரைகுறை என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.